சூட்டில் மட்டும் 'டக்' என்று நின்றுபோகும் செல்ஃப்: பேட்டரியை மாற்றும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

கேள்வி: 8 வருடப் பெட்ரோல் கார், கியர் வண்டி, போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வீடு அம்பாசமுத்திரம் பக்கம். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. திருநெல்வேலி ஜங்ஷன் வந்து அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது. பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எடுத்துக்கொள்கிறது. இது போக, ரெண்டு வாரம் எடுக்காமல் விட்டால் பேட்டரி சுத்தமாக டவுன். பேட்டரி 4 மாதம் முன்புதான் மாற்றியது. ஒருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் திரும்பவும் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்:

அண்ணாச்சி, ரெண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, தனித்தனியாக ரெண்டு. சூட்டில் செல்ஃப் எடுக்காதது ஒன்று. நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குவது மற்றொன்று. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10ஆம் நம்பர் ஸ்பானர், சாவி திருக ஒரு ஆள், இவ்வளவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் எது எங்கே என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பேட்டரியின் கணக்கை முடித்துவிடுவோம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், எதையும் போடாமல், பேட்டரி போஸ்ட் (ஒயர் கிளாம்பு மாட்டும் ஈயக் குமிழ்) ரெண்டிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8 வந்தால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த உடனேயும், வண்டி ஓட்டி நிறுத்திய உடனேயும் அளக்காதீர்கள். மேலோட்டமான சார்ஜால் 13 வரைக்கும் காட்டும். ஹெட்லைட்டை ரெண்டு நிமிடம் போட்டு அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு அளந்தால் உண்மை தெரியும்.

இந்த எண் மட்டும் போதாது. செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதுதான் பேட்டரியின் யோக்கியதை. எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஐந்து விநாடி அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுழலும்போது போஸ்ட்களில் 10 வோல்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. 9.6க்குக் கீழே போனால் ஒன்று பேட்டரிக்குத் தெம்பில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஒரு தடவை அடித்தால் அடுத்த தடவைக்கு அரை நிமிடமாவது விடுங்கள். 10 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிப்பது செல்ஃப் மோட்டாரைக் கருக்கிவிடும்.

அடுத்து காது. சாவி திருகும்போது வரும் சத்தத்தை வைத்தே பாதி வழி போய்விடலாம். 'டகடகடக' என்று படபடத்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்திலிருந்து மெலிசாக 'டிக்' என்று மட்டும் வந்தால் அது ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். ரிலே வேலை செய்தும் செல்ஃபுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. எஞ்சினுக்கு அடியிலிருந்து கனமாக ஒரு 'டக்' வந்தால் அது சொலினாய்டு, செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்திருக்கும் காந்த சுவிட்ச்: அது இழுத்துவிட்டது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. ஒரு சத்தமுமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் பெடல் சுவிட்ச் என்று அந்தப் பாதையில் தேட வேண்டும். உங்களுடையது எஞ்சினுக்கு அடியில் வரும் 'டக்'தானா என்று பானெட்டைத் திறந்துவைத்து ஒருமுறை உறுதி பண்ணிக்கொள்ளுங்கள். காருக்குள் உட்கார்ந்து கேட்டால் ரிலே சத்தமும் சொலினாய்டு சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு அப்படியே செத்துப்போனால் பேட்டரியோ டெர்மினலோ, இல்லை மோட்டார் ஜாமோ. பிரகாசம் குறையாமல் நின்று 'டக்' மட்டும் வந்தால் மோட்டாருக்குள் கரண்டே பாயவில்லை என்று அர்த்தம். 4 மாதப் பேட்டரி, டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது என்கிறீர்கள். அதனால் எனக்குச் சந்தேகம் இரண்டாவதில்தான்.

சூட்டில் மட்டும் ஏன் இப்படி? செல்ஃப் மோட்டாரும் சொலினாய்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே. ஓடும்போதாவது காற்று படும். நிறுத்தினதும் பானெட்டுக்குள் சூடு ஏறும், முதல் அரை மணி நேரத்தில்தான் அது உச்சம். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் கூடும். காலை 30 டிகிரியில் இருந்த காயில் (சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) மத்தியானம் 100 டிகிரிக்குப் போனால் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும், அதற்கேற்பச் சொலினாய்டின் இழுவை குறையும். எல்லா ஒயரும் சுத்தமாக இருக்கும் வண்டிக்கு இது பொருட்டே இல்லை. ஏற்கெனவே எர்த்திலோ (பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் ஒயர்) டெர்மினலிலோ 1, 2 வோல்ட் தின்றுகொண்டிருக்கும் வண்டி காலையில் எப்படியோ தப்பித்துவிடும், சூட்டில் மாட்டிக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 40 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும்போது இந்த மாதிரி வண்டிகள் பட்டறைக்கு அதிகம் வருவதற்கு இதுவே காரணம்.

ஆகவே தேட வேண்டியது வோல்ட் எங்கே தொலைகிறது என்பதை. சின்ன பெட்ரோல் கார் செல்ஃப் சுற்றும்போது சுமார் 80 முதல் 150 ஆம்பியர் இழுக்கும். 150 ஆம்பியர் போகிற வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போச்சு. 0.01 ஓமை எந்தச் சாதாரண மீட்டரும் ஓம் ரேஞ்சில் காட்டாது. இதனால்தான் ஒயரின் ரெண்டு முனையிலும் மீட்டரை வைத்து, 'பீப்' கேட்டதும் 'ஒயர் நல்லா இருக்கு' என்று சொல்வதை நம்பக் கூடாது. 50 இழையில் 49 அறுந்து ஒன்று மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். குளம் நிறைந்து கிடந்தாலும் மடையில் குப்பை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் போகாது. பேட்டரியைப் புதிதாகப் போட்டும் செல்ஃப் எடுக்காததும் அதே கதைதான். கரண்ட் பாயும்போது, அதாவது ஆள் சாவியைத் திருகிப் பிடித்திருக்கும்போது, ஒயரின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் அளக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வையுங்கள். இதை வண்டி சூடாக, அடம்பிடிக்கிற நேரத்தில் செய்தால்தான் பலன். விசிறியிலும் பெல்ட்டிலும் கை, சட்டை நுனி, மீட்டர் ஒயர் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினில் விசிறி சொல்லாமல் சுற்றும்.

முதல் அளவு எர்த் பக்கம். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் போஸ்டில், கிளாம்பில் இல்லை, நடுவில் இருக்கும் ஈயத்தின் மேல். சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில். சாவியைத் திருகிப் பிடித்தால் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட். அதற்கு மேல் போனால் எர்த் ஒயரில் கோளாறு. கறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பை பாடியில் தொட்டால், பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரா, பாடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பட்டையா என்று பிரிந்துவிடும்.

ரெண்டாவது பிளஸ் பக்கம். சிவப்பு பிளஸ் போஸ்டில், கறுப்பு செல்ஃபில் தடித்த ஒயர் வந்து ஏறும் போல்ட்டில். 0.5க்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, சொலினாய்டின் ரெண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே: பேட்டரி ஒயர் ஏறுவது ஒன்று, மோட்டாருக்குள் போகும் குட்டை ஒயர் ஏறுவது மற்றது. சாவி திருகாதபோது இங்கே 12 வோல்ட் காட்டும், அது இயல்பு. திருகி 'டக்' கேட்டதும் 0.3க்குக் கீழே விழ வேண்டும். 'டக்' கேட்டும் 12ஐ ஒட்டியே நின்றால் உள்ளே செம்பு கான்டாக்ட் கருகிவிட்டது, அல்லது காயில் முழுசாக இழுத்து அதை அழுத்தவில்லை. 0க்கு விழுந்து, மோட்டார் போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே முழு வோல்ட் இருந்தும் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கெட்டிருக்கும்.

நான்காவது, சொலினாய்டுக்கு வரும் மெலிந்த ஒயர், எஸ் டெர்மினல். திருகிப் பிடிக்கும்போது இங்கே வரும் வோல்ட், அந்த நேரத்துப் பேட்டரி வோல்டைவிட 1 வோல்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் சாவி சுவிட்சோ ரிலேயோ நடுவில் தின்கிறது. ரிலேயைச் சோதிக்க, அதே நம்பர் உள்ள இன்னொரு ரிலே, ஹார்ன் ரிலே போல, அதே பெட்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் போவதென்றால் ரிலே சாக்கெட்டில் 30, 87 என்ற ரெண்டு ஓட்டையையும் தடித்த ஒயரால் ஒரு கணம் சேர்த்தால் செல்ஃப் எடுக்க வேண்டும். இதைச் செய்யும் முன் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை பாருங்கள். கியரில் கிடந்தால் வண்டி ஆள் மேல் பாயும்.

நம் ஊர்ப்பக்கம் இந்த நாலில் அதிகம் மாட்டுவது முதலாவது, எர்த். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னிய பட்டையாகவோ கறுப்பு ஒயராகவோ ஒன்று போகும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. லக் (ஒயர் முனையில் போல்ட் ஏறும் உலோக வளையம்) வைத்து நெருக்கிய இடத்தில் உறையை ஒரு அங்குலம் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளப்பாக இல்லாமல் பச்சை மாவாக உதிர்ந்தால், அல்லது கறுத்துப் போய் விரலால் வளைத்ததும் இழைகள் முறிந்தால், ஆளைப் பிடித்தாயிற்று. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் என்று கடலோரம் ஓடுகிற வண்டிகளில் உப்புக்காற்று ஒயருக்குள்ளேயே ஏறி இதைச் செய்யும். எர்த் மோசமாக இருப்பதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு: செல்ஃப் அடித்ததும் ஆக்சிலேட்டர் கேபிளோ கியர் கேபிளோ தொட்டால் சுடும். போக வழியில்லாத கரண்ட் அதன் வழியாகப் போகிறது.

எர்த்தை உறுதிப்படுத்த ஒரு சுருக்கு வழி. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினைத் தூக்கும் கொக்கியிலும் மாட்டுங்கள். சூட்டில் எடுக்காத வண்டி இப்போது எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய ஒயரை எறிந்துவிட்டு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில், லக்கைப் பிரஸ் வைத்து நெருக்கி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டையும் துருவையும் எமரி தாளால் தேய்த்துவிட்டுப் போட்டால் வண்டி ஆயுளுக்கும் போதும். பழைய லக்கிலேயே ஒயரைச் செருகி டேப் சுற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

கேபிள் போட்டும் எடுக்காமல், மூன்றாவது அளவு 12லேயே நின்றால் சொலினாய்டு. அப்போதும் முழு செல்ஃப் மோட்டார் தேவையில்லை. பல மாடல்களுக்குச் சொலினாய்டு தனியாகக் கிடைக்கும், கார்பன் பிரஷும், சுற்றும் தண்டைத் தாங்கும் புஷ்ஷும் தனியாகக் கிடைக்கும். வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கமோ உங்கள் ஊரிலோ நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் மோட்டாரைக் கழற்றினால் பிரஷ், புஷ், சொலினாய்டு மூன்றையும் ஒரே தடவையில் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான்.

இப்போது ரெண்டாவது கோளாறு. ரெண்டு வாரத்தில் பேட்டரி இறங்குவதாகச் சொன்னீர்கள். உங்கள் வகை வண்டியில் பெரும்பாலும் 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இருக்கும். 14 நாளில் 30 ஏஹெச் போகிறது என்று வைத்தால் நிற்கும்போது சுமார் 90 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டி நிறுத்திய கார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பு. கடிகாரம், அலாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் நினைவு எல்லாம் அதில்தான். 90 என்பது அதிகம், ஆனால் ஒரு விளக்கு முழுசாக எரிகிற அளவும் இல்லை. பூட் லைட் போன்ற 5 வாட் பல்பு என்றால் 400 மில்லி ஆம்பியருக்கு மேல் போய், நாலு நாளிலேயே படுத்திருக்கும். ஆகவே செகண்ட் ஹேண்ட் வண்டியில் முதல் சந்தேகம் பழைய ஓனர் வெளியில் மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ்கேம், அலாரம். ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருக்கிற இடத்துக்கும், சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்துக்கும் போக வேண்டும். அவசரத்தில் ரெண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் செட் அணைந்தது போல் இருந்தாலும் உள்ளே உறங்காது.

அளப்பது இப்படி. டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவைத் திறந்துவைத்தே அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியது போல் ஆக்குங்கள். பானெட் திறந்திருக்கட்டும். சாவியை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, பேட்டரி மைனஸ் போஸ்டுக்கும் மைனஸ் கிளாம்புக்கும் நடுவே தொட்டுப் பிடித்தபடி கிளாம்பைக் கழற்றுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் உறங்கிய பிறகு வரும் எண்தான் கணக்கு. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். எல்லா ஃபியூஸும் எடுத்தும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) உள்ளே இருக்கும் டயோடைச் சந்தேகப்படுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் உள்ளே ஃபியூஸ் போய்விடும்.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாம் போட்டு, போஸ்ட்களில் 13.8 முதல் 14.5 வோல்ட். 13.2க்குக் கீழே என்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர் பிரஷ், வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இவற்றில் ஒன்று. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய் பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. மைல்டு ஹைப்ரிட் (எஞ்சினுக்குச் சின்ன மின்மோட்டார் துணை செய்யும்) வண்டிகளில் மட்டும் இந்த எண் கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், அதை வைத்து ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லக் கூடாது. மீட்டரை ஏசி (மாறு மின்னோட்ட) வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றினால் 0.5க்கு மேல் காட்டுவது டயோடு கெட்டதற்கு அடையாளம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் 'சோதிக்கும்' பழைய வழக்கத்தை யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட் கம்ப்யூட்டரைத் தின்றுவிடும்.

முழுக்க இறங்கிய பேட்டரி அம்பாசமுத்திரத்திலிருந்து பக்கத்துக் கல்லிடைக்குறிச்சி போய் வந்தால் ஏறாது. 35 ஏஹெச் என்றால் 3.5 ஆம்பியரில் ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போட வேண்டும். ஒவ்வொரு தடவை அடிமட்டத்துக்குப் போகும்போதும் பேட்டரியின் ஆயுள் குறைகிறது, அதனால் உங்கள் 4 மாதப் பேட்டரியை இன்னொரு முறை டவுன் ஆக விடாதீர்கள். திருடன் கிடைக்கும்வரை நிறுத்தும்போது மைனஸைக் கழற்றி வையுங்கள். மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதில் இருக்கும் உப்புகள் தகட்டுக்கு ஆகாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன்னே தடவக் கூடாது.

வண்டி போன வருடம் வாங்கியது என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நிறைய கார்கள் வெள்ளத்தில் நின்றன. தண்ணீர் புகுந்த வண்டியில் கனெக்டர் உள்ளே பச்சை பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதன்பிறகுதான் இப்படிப் புரியாத கோளாறுகள் தலைகாட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கிறதா என்று. சீட் போல்ட், ஸ்டெப்னிக் குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் கதவோரம் இருக்கும் எர்த் போல்ட் இவற்றில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 

எலியும் ஒரு காரணம். பிசான நெல் அறுப்பு முடிந்ததும் வயலில் தீனி இல்லாமல் வீட்டுப் பக்கம் வந்து, சூடு ஆறாத எஞ்சின் மேல் குடியேறும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாலும் செல்ஃப் ஒயர் போகும் வழியிலும் உறை கடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது வேறு கதை. சாவி போட்டதும் ரெண்டு விநாடி பம்ப் முனகல் கேட்கிறதா, எஞ்சின் விளக்கு எரிகிறதா, சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. உங்கள் வண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒயரில் கைவைக்கும் எந்த வேலைக்கும் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். மோதிரமும் செயினும் கையில் வேண்டாம். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். இந்த நாலு வோல்ட் அளவையும், உறங்கும்போது வரும் மில்லி ஆம்பியரையும், வண்டி சூடாக இருந்தபோது எடுத்ததா ஆறிய பிறகா என்பதையும் எழுதுங்கள். எந்த பாகத்தை வாங்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.